கல்லூரியில் முதல் வருடம்: உங்களுக்கென்று ஒதுக்கிய உதவித்தொகையையும் பயிற்சியையும் விடாமல் வாங்குவது எப்படி?

கல்லூரி திறந்த முதல் வாரம், எங்கள் அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் மேசைக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். பெரும்பாலும் அம்மாவும் பிள்ளையுமாக வருவார்கள். அம்மா கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, டி.சி., மதிப்பெண் சான்று எல்லாம் ஒன்றாகச் சுருட்டி வைத்திருக்கும். மேசைக்கு வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், ஃபார்ம் எங்க வாங்கணும்?"

எந்த ஃபார்ம் என்று திருப்பிக் கேட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். அது அவர்கள் தப்பில்லை. வீட்டில் கல்லூரிக்குப் போன ஆள் யாரும் இல்லையென்றால் என்னென்ன உதவி இருக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை. இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிப் பேர் சொல்லிக் கேட்பது?

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முதலாமாண்டு வகுப்புக்கு டியூட்டர். எங்கள் வீட்டிலும் நான்தான் முதல் பட்டதாரி. படிக்கும் காலத்தில் எனக்கு வர வேண்டிய ஒரு வருட உதவித்தொகையை விவரம் தெரியாமல் இழந்தவன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொகையும் வருமான வரம்பும் அவ்வப்போது மாறும். அதனால் விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பை ஒருமுறை பார்த்து விடுங்கள்.

முதலில், இது யார் பணம்?

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பல பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கொண்டே அந்த மேசைக்கு வருகிறார்கள், யாரிடமோ கடன் கேட்கப் போவது போல. கூச்சமே வேண்டாம். அரசோ அறக்கட்டளையோ ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, உங்களைப் போன்ற ஒருவரை மனதில் வைத்துத்தான் ஒதுக்குகிறது. அரசுப் பணம் என்றால் அது நிதியாண்டுக் கணக்கில், மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும். செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்று அனுப்ப வேண்டும். ஆள் வராமல் மீந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்த வருடம் "உங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்று மேலிடத்தில் கேட்பார்கள். ஆகவே தகுதியான மாணவர் சரியான தாள்களோடு நேரத்துக்கு வந்தால் அலுவலகத்துக்கும் நிம்மதிதான்.

கடைசித் தேதிகள் கறாராக இருப்பதற்கும் இதுதான் காரணம். கல்லூரியிலிருந்து பட்டியல் மாவட்டத்துக்கும், அங்கிருந்து துறைக்கும் போன பிறகு ஒரு பெயரை நடுவில் நுழைப்பது பெரும்பாடு. அந்த எழுத்தர் உங்கள் மேல் கோபத்தில் "போர்ட்டல் மூடியாச்சு" என்று சொல்வதில்லை. நிஜமாகவே மூடியிருக்கும்.

பெயரும் இனிஷியலும்

எங்கள் மேசையில் திரும்பிப் போகும் விண்ணப்பங்களில் நான் அதிகம் பார்ப்பது பெயர்ச் சிக்கல்தான். வருமானம் அதிகம், மார்க் குறைவு என்று திரும்பியவை அவ்வளவு இல்லை.

ஒரு உதாரணம் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் 'கவிதா மு'. ஆதாரில் 'கவிதா முருகேசன்'. வங்கிப் புத்தகத்தில் 'மு. கவிதா', அதையும் ஆங்கிலத்தில் எழுதும்போது 'தா' என்ற எழுத்துக்கு ஓரிடத்தில் ஹெச் சேர்த்திருப்பார்கள், இன்னோரிடத்தில் விட்டிருப்பார்கள். நமக்கு இது மூன்றும் ஒரே பெண். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மற்ற மாநிலங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது, நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து. அதை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, புள்ளி உண்டா இல்லையா, விரித்து எழுதுவதா என்பதில் ஆளுக்கொரு பழக்கம். இந்தக் குழப்பத்தின் செலவைப் பிள்ளைகள்தான் கட்டுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் இருக்கும் பெயரை, எழுத்துக்கு எழுத்து, அடிப்படையாக வைத்துக் கொள்ளுங்கள். அதை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கடினம். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும். பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் அவசரத்தில் தட்டிவிட்டு வராதீர்கள். மையத்தில் ஒப்புகைச் சீட்டைக் கொடுத்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

ஆதாரோடு இணைந்த கைபேசி எண் யாருடையது என்பதையும் பார்த்து விடுங்கள். அப்பாவின் பழைய எண், அந்த சிம் இப்போது இல்லை என்றால் ஓ.டி.பி. வராது, ஒரு விண்ணப்பமும் நகராது. கல்லூரி திறப்பதற்கு முன்பே, மே மாதத்திலேயே இதைச் செய்து விட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இ-சேவை மையத்தில் என்ன வாங்க வேண்டும்?

சாதிச் சான்று பள்ளியிலேயே வாங்கியிருப்பீர்கள். அது நிரந்தரம். வருமானச் சான்று அப்படியில்லை, புதிதாகக் கேட்பார்கள். முதல் பட்டதாரிச் சான்று தேவைப்படலாம். மூன்றுமே இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கக் கூடியவை. முதல் முறை போனால் உங்களை அடையாளம் காட்டும் கேன் எண் என்று ஒன்றைப் பதிந்து தருவார்கள். அதை எழுதி வைத்துக் கொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்க அதே எண்தான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று போய்த் தாசில்தார் நிலையில் முடியும். நடுவில் வி.ஏ.ஓ. விசாரிக்கக் கூப்பிட்டால் அன்றே போய்ப் பார்த்து விடுங்கள்; பெரும்பாலும் தாமதம் அங்கேதான்.

முதல் பட்டதாரி என்றால் என்ன என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. அப்பா, அம்மா மட்டும் கணக்கில்லை. இரு பக்கத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். 2010-11 முதல் இருக்கும் இந்தக் கட்டணச் சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்புகளில் சேர்பவர்களுக்கானது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அக்கா கலைக் கல்லூரியிலும் தம்பி பொறியியலிலும் சேரப் போகிறார்கள் என்றால், அக்கா பட்டம் வாங்கிய பிறகு தம்பி முதல் பட்டதாரி ஆக மாட்டார். இதை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிக் கொள்வது நல்லது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: அசல் மதிப்பெண் சான்றை லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அம்மா செய்வார். பின்னால் முத்திரையோ கையெழுத்தோ போட வேண்டி வந்தால் முடியாமல் போகும். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

போன வருடம் நவம்பர் மாதத்தில் ஒரு பையன் வந்தான். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் அரசுத் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது (அந்தத் திட்டத்தைப் பின்னால் சொல்கிறேன்), அவனுக்கு மட்டும் வரவில்லை. கல்லூரி முன்னால் இருக்கும் வங்கியில் கணக்கு இருக்கிறது, ஆதார் நகலும் கொடுத்திருக்கிறான். பாஸ்புக்கை நான்கு முறை என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டான். வெறுமை. போர்ட்டலில் பார்த்தால் 'பணம் செலுத்தப்பட்டது' என்று இருக்கிறது. இடையில் யாரோ எடுத்து விட்டார்கள் என்றே முடிவு கட்டி, அழாத குறையாக நின்றான்.

இருவரும் உட்கார்ந்து ஆதார் இணையதளத்தில் வங்கி சீடிங் நிலையைத் திறந்தோம். அதில் வேறொரு வங்கியின் பெயர் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது ஊக்கத்தொகைக்காக ஊரில் திறந்த கணக்கு. அதை அவன் மறந்தே போயிருந்தான். சனிக்கிழமை ஊருக்குப் போய் அந்தப் பழைய பாஸ்புக்கை வரவு வைத்துக் கொண்டு திங்கட்கிழமை வந்தான். மூன்று மாதப் பணமும் வரிசையாக அதில் இருந்தது.

இதன் பின்னணி இதுதான். வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது ஒரு காரியம். அந்தக் கணக்கை அரசுப் பணம் வாங்கும் கணக்காக ஆதாரோடு பொருத்துவது வேறு காரியம். இரண்டாவதைத்தான் சீடிங் என்கிறார்கள். அரசு நேரடியாக அனுப்பும் பணம் உங்கள் கணக்கு எண்ணைத் தேடிப் போவதில்லை, ஆதார் எண்ணைத் தேடிப் போகிறது. அந்த ஆதாருக்குக் கடைசியாக எந்த வங்கி சீட் ஆகியிருக்கிறதோ அங்கே போய் விழும். ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் அப்படி இருக்க முடியும். புதுக் கணக்குக்குப் பணம் வர வேண்டுமென்றால் வங்கியில் "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாமல், "டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. சீடிங் பண்ணுங்க" என்று கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம்; என்.பி.சி.ஐ. என்பது வங்கிகளுக்கு இடையே பணம் போக வழி செய்யும் நிறுவனம். இந்த சீடிங்குக்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு.

பள்ளிக் காலக் கணக்கையே வைத்துக் கொள்வதாக இருந்தால் இன்னொன்று. அது மைனர் கணக்காகத் திறந்திருப்பார்கள். 18 வயது ஆனதும் உங்கள் கையெழுத்தோடு கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் கணக்கை முடக்கி வைத்திருப்பார்கள், வந்த பணமும் திரும்பிப் போகும்.

சரி, எதற்கெல்லாம் விண்ணப்பிப்பது?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டம். மாணவிகளுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அமைந்த திட்டம். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. இதற்கு நீங்கள் தனியாக எங்கும் அலைய வேண்டியதில்லை, கல்லூரி வழியாகத்தான் பதிவு. பள்ளி மாணவர் பதிவுக்காகக் கொடுத்த எமிஸ் எண், கல்லூரி மாணவர் பதிவுக்காக உருவாகும் யு.எம்.ஐ.எஸ். எண், இரண்டையும் கைபேசியில் சேமித்து வையுங்கள். பதிந்தபின் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று திட்டத்துக்குப் பொறுப்பான நோடல் ஆசிரியரிடம் நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அடுத்து துறைவாரி உதவித்தொகைகள். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில், பட்டியலினத்தவருக்கு மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும், பழங்குடியினருக்கு மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் தருகின்றன. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் தனித் திட்டங்கள் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை. போஸ்ட் மெட்ரிக்கில் கல்விக் கட்டணத்துக்கான தொகையும் சேர்ந்து உங்கள் கணக்கிலேயே விழலாம். திடீரென்று பெரிய தொகையைப் பார்த்ததும் வீட்டில் ஒரு கடனை அடைத்து விடலாம் என்று தோன்றும், அதன் அழுத்தம் எனக்கும் தெரியும். ஆனால் அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். கட்டாமல் விட்டால் தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட்டில் வந்து நிற்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவர்கள் மத்திய அரசின் உதவித்தொகையை விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தமான விஷயம். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்கும் திட்டம் அது. உங்கள் வாரியத்தில் 80-வது பெர்சன்டைலுக்கு மேல், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் போதும். பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு ஆண்டுக்கு 20,000. நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள், அதில் பாதி மாணவிகளுக்கு. பெர்சன்டைல் என்பது மார்க் விழுக்காடு இல்லை. நூறு பேரில் எண்பது பேருக்கு மேலே நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான் கணக்கு. "நான் எண்பது பர்சன்ட் வாங்கலையே" என்று தானாகவே ஒதுங்கிக் கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொறியியல், பாலிடெக்னிக் மாணவிகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை, ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு. 40 விழுக்காடோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு சக்ஷம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. உங்களிடம் யாராவது கட்டணம் கேட்டால் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டுங்கள்.

பல்கலைக்கழகங்களும் தம் பங்குக்கு வைத்திருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11 முதல் இலவசக் கல்வித் திட்டம் நடத்துகிறது. இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கு இடமும் படிப்பும் இலவசம். பெற்றோரை இழந்தவர், கைம்பெண்ணின் பிள்ளை, முதல் தலைமுறை மாணவர் ஆகியோருக்கு முன்னுரிமை. ஆனால் பிளஸ் டூ முடிவு வந்த 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குத் தாமதமாகியிருக்கும், தங்கைக்குச் சொல்லி வையுங்கள்.

தனியார் அறக்கட்டளைகளில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் இளநிலை மாணவர் 5,000 பேருக்குப் படிப்புக் காலம் முழுவதற்குமாக 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எந்தப் பாடமும் சரி, ஆனால் முதலாமாண்டில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும், இணையவழித் திறன் தேர்வு ஒன்று எழுத வேண்டும். அகரம் அறக்கட்டளை 2010-ல் தொடங்கிய விதைத் திட்டம் பள்ளி முடிக்கும் கட்டத்திலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடும்.

விடுதியை மறந்துவிடாதீர்கள். தொகையாகக் கையில் வராததால் பலர் அதை உதவி என்றே நினைப்பதில்லை. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் உணவும் தங்கலும் இலவசம். வருமான வரம்பு 2.5 லட்சம், வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு அந்தத் தூர விதி இல்லை. தினம் இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை மூன்றாவது மாதத்தில் காலை வகுப்பை விட ஆரம்பிப்பதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பணத்தைவிட ஒரு கட்டிலும் டியூப்லைட்டும்தான் பெரிய உதவி.

எல்லாவற்றுக்கும் போட்டு வைப்போம் என்றும் இறங்காதீர்கள். ஒரே படிப்புக்கு இரண்டு அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று பல திட்டங்களில் நிபந்தனை உண்டு. எது உங்களுக்கு அதிகம் தருகிறதோ அதை எடுங்கள். எழுத்தரிடம் கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்வார்.

ரெனியூவல்: நான் இழந்த வருடம்

முதல் வருடம் எனக்கு உதவித்தொகை வந்தது. புத்தகமும் ஒரு ஜோடி செருப்பும் வாங்கினேன், மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்தேன். ஒருமுறை தேர்வாகிவிட்டோம், இனி தானாக வரும் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் வருடம் பொங்கலுக்குள் வரவில்லை என்றதும் அலுவலகத்தில் கேட்டேன். "ரெனியூவல் போட்டியா?" என்றார்கள். அந்த வார்த்தையையே அன்றுதான் கேட்கிறேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்களாம், அது அலுவலகத்துக்குப் பின்பக்கம் இருந்தது. அந்த வருடம் செமஸ்டர் ஃபீஸ் கட்ட அம்மா தோட்டை அடகு வைத்தார். அதை மீட்க எனக்கு வேலை கிடைக்கும்வரை ஆயிற்று.

ஆகவே, தொடர்ந்து வரும் எந்த உதவித்தொகைக்கும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும் என்றே எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு கல்லூரி திறந்த வாரத்திலேயே போய்க் கேளுங்கள். வருகைப்பதிவும் தேர்ச்சியும் பார்ப்பார்கள். மேலே சொன்ன மத்திய அரசுத் திட்டத்துக்கு 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். அரியர் விழுந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று தாமாக முடிவு கட்டாதீர்கள், திட்டத்துக்குத் திட்டம் விதி வேறு. உடம்பு சரியில்லாமல் வருகை குறைந்திருந்தால் மருத்துவச் சான்றை அந்த மாதமே கொடுங்கள். ஏப்ரலில் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

விண்ணப்பம் போட்டபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். 'டிஃபெக்ட்' என்று வந்தால் நிராகரித்ததாக அர்த்தமில்லை, ஏதோ ஒரு குறையைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கும் தேதி உண்டு. கல்லூரியில் பதில் கிடைக்காவிட்டால் மாவட்ட நல அலுவலகம், அதற்கும் மேல் முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண். "சீக்கிரம் வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்பவரிடம் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடாதீர்கள்.

வேலைக்கான பக்கம்

பணத்துக்காக வரிசையில் நின்ற அதே பிள்ளைகள் பயிற்சித் திட்டம் என்றால் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டும் ஒரே கஜானாவிலிருந்து வருகிறது என்று சொன்னால் நம்புவதில்லை. வெளியே போய்க் காசு கட்டிப் படிக்க வேண்டிய பயிற்சி அது.

நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. உங்கள் கால அட்டவணையிலேயே அந்த வகுப்பு இருக்கும், கிரெடிட்டும் உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன்: எந்தப் பயிற்சி கிடைக்கிறது என்பது பெரும்பாலும் கல்லூரி தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தது. எனவே செமஸ்டர் தொடங்கும் முன்பே, நான்கைந்து பேராகச் சேர்ந்து நோடல் ஆசிரியரிடம் போய் "எங்களுக்கு இந்தக் கோர்ஸ் வேணும்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு வரலாறு வகுப்புக்கு ஒரு முறை கணக்குப்பதிவு மென்பொருள் பயிற்சி மாறியது. சொல்லாமல் இருந்திருந்தால் வேறேதோ ஒன்று வந்திருக்கும். பயிற்சியின் முடிவில் செய்யும் சின்ன செயல்திட்டத்தை உங்கள் கையாலேயே செய்யுங்கள். நேர்முகத் தேர்வில் "இதை நீங்க எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்கும்போது சான்றிதழ் பேசாது.

குடிமைப் பணித் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு இதே திட்டத்தின் போட்டித் தேர்வுப் பிரிவு ஆண்டுக்கொருமுறை மதிப்பீட்டுத் தேர்வு நடத்தி 1,000 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக 10 மாதத்துக்கு மாதம் 7,500 ரூபாய், அதில் தேறினால் முதன்மைத் தேர்வுக்கு 25,000. டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் இருக்கிறது, வகுப்புகள் இலவசம். கோச்சிங் சென்டருக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து பாருங்கள்.

அறிவியல் மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே கோடைகால ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமியும் மற்ற இரண்டு தேசிய அகாடமிகளும் சேர்ந்து, இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்ய உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருகின்றன. விண்ணப்பத்தில் 'ஏன் இந்த ஆராய்ச்சி' என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். கோடைக்கு ரொம்ப முன்னாலேயே, தீபாவளிப் பக்கத்தில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கி விடுவார்கள். மார்ச் மாதம் வந்து கேட்பவர்களுக்கு நான் அடுத்த வருடத்தைத்தான் காட்ட முடிகிறது. இறுதியாண்டுப் புராஜெக்டுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் சிறு நிதி தருகிறது. அதைக் கல்லூரி வழியாக, உங்கள் வழிகாட்டி ஆசிரியரோடு சேர்ந்து கேட்க வேண்டும்.

பிளேஸ்மென்ட் செல்லுக்கு முதலாமாண்டிலேயே ஒருமுறை போங்கள். அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தொழில்துறைக் கூட்டுறவு மையம் என்று தனி அமைப்பே இருக்கிறது. எங்களைப் போன்ற கலைக் கல்லூரிகளில் அது பெரும்பாலும் ஒரு ஆசிரியரும் ஒரு பீரோவும்தான். ஆனால் அந்த ஆசிரியரிடம் கடந்த வருடங்களில் எந்தக் கம்பெனி வந்தது, எதைக் கேட்டது, யார் சேர்ந்தார்கள் என்ற விவரம் இருக்கும். "போன வருஷம் நம்ம டிபார்ட்மென்ட்ல யார் சேர்ந்தாங்க, அவங்க நம்பர் வாங்கித் தர முடியுமா, மேடம்?" என்று கேளுங்கள். நம் ஊர் அக்கா ஒருத்தி அந்தக் கம்பெனியில் இருந்தால், பத்து நிமிடப் பேச்சில் அவள் சொல்வது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்காது.

பட்டம் முடித்ததும் வேலை அமையவில்லையென்றால் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டாம். நாட்ஸ் எனப்படும் தேசியப் பயிற்சித் திட்டம், 1961-ம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் நடப்பது. தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது, பயிற்சி வழக்கமாக ஒரு வருடம். பொறியியல் மட்டுமில்லை, பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களும் சேரலாம். பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். வேலை உறுதி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 'முன் அனுபவம் உண்டா' என்ற கட்டத்தில் எழுத ஒரு வருடம் கிடைக்கும்.

டி.சி. வாங்கும் முன்

கடைசி செமஸ்டரில், டி.சி.க்கு எழுதிக் கொடுக்கும் நாளில், ஸ்காலர்ஷிப் மேசைக்கு இன்னொரு முறை போங்கள். இந்த வருடத் தொகை வந்து விட்டதா, நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நிலுவை என்றால் அந்த வங்கிக் கணக்கை மூடாதீர்கள், சிம்மையும் மாற்றாதீர்கள். படித்து முடித்த பிறகு வந்து சேரும் பணமும் உண்டு. யு.எம்.ஐ.எஸ். எண்ணை முதுகலைக்குச் சேரும் இடத்தில் கேட்பார்கள். நாட்ஸ் பதிவை கல்லூரியில் இருக்கும்போதே, பிளேஸ்மென்ட் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே முடித்து விடுங்கள். அப்புறம், அந்தப் பிளாஸ்டிக் ஃபைலின் முதல் பக்கத்தில் எல்லா எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள்: ஆதார், கேன், எமிஸ், யு.எம்.ஐ.எஸ்., சீட் ஆன வங்கிக் கணக்கு. அடுத்த ஜூலையில் உங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரியில் சேரும்போது, அந்தத் தாளை எடுத்துக் காட்டி, என்னென்ன கேட்க வேண்டும் என்று அதன் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்.